சத்தம், செல்பேசி, சாதி: டவுன் பஸ்ஸிலிருந்து சில குறிப்புகள்

கோவில்பட்டியிலிருந்து கரிசல் கிராமங்களுக்குப் போகும் டவுன் பஸ் ஒன்றில், சாயங்காலம் ஆறு மணி வாக்கில் நடந்தது இது. தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து ஏறிய பெண்களில் ஒருவர் - ஐம்பது வயதிருக்கும், மடியில் தூக்குவாளி - செல்பேசியில் பேசிக்கொண்டு வந்தார். குழுக்கடன் தவணை, மகள் வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டிய அரிசி, மருமகனின் குடி எல்லாம் பஸ் முழுக்கக் கேட்டது. முன்சீட்டில் இருந்த வெள்ளைச் சட்டைக்காரர் திரும்பி, "ஏம்மா, மெதுவாப் பேசத் தெரியாதா? ஓசியில வந்துக்கிட்டு சத்தம் வேறயா?" என்றார். அந்த அம்மா, "அங்கிட்டு எங்கம்மாவுக்குக் காது கேக்காதுய்யா" என்று சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பால் வாயையும் போனையும் சேர்த்து மூடிக்கொண்டு குனிந்துகொண்டார். பஸ் அமைதியானது. எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்தக் கட்டுரை அந்த நிம்மதியைப் பற்றியது.

இரண்டு ஸ்டாப் தள்ளி மூன்று இளைஞர்கள் ஏறினார்கள். ஒருவன் கையில் செல்பேசி, அதில் ஒரு சாதிப் பெருமைப் பாட்டு, ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில். அந்த அம்மாவின் குரலைவிட இது பல மடங்கு பெரிய சத்தம். வெள்ளைச் சட்டைக்காரர் ஜன்னலுக்கு வெளியே பருத்திக்காட்டைப் பார்க்க ஆரம்பித்தார். கண்டக்டர் டிக்கெட் எண்ணினார். நான் பைக்குள் இல்லாத எதையோ தேடினேன். இறங்கும்வரை யாரும் வாய் திறக்கவில்லை.

பொது இடத்தில் செல்பேசிச் சத்தம் என்ற பிரச்சினையை நாம் பேசும் விதத்தில் இந்த இரண்டாவது காட்சி எப்போதும் விடுபட்டுப் போகிறது. அரசு பேருந்துகளில் ஸ்பீக்கரில் பாட்டும் வீடியோவும் போடக்கூடாது என்று 2021 நவம்பரில் கர்நாடக உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ரயில் பெட்டியில் உரக்கப் பேசுவதையும் சத்தமாகப் பாட்டு வைப்பதையும் தடுக்கச் சொல்லி 2022 ஜனவரியில் ரயில்வே அறிவித்தது. இரண்டும் தேவையானவை, மறுப்பில்லை. ஆனால் இந்த உத்தரவுகளில் வருகிற 'பயணி' சாதியற்றவர், பாலற்றவர், ஊரற்றவர். சத்தம் என்பது அங்கே வெறும் அளவு. நடைமுறையில், யாரைப் பார்த்து 'மெதுவாப் பேசு' என்று சொல்லலாம், யாரைப் பார்த்துச் சொல்லக்கூடாது என்பது பஸ் கிளம்புவதற்கு வெகுகாலம் முன்பே தீர்மானமாகியிருக்கிறது.

படித்தவனின் காது பற்றியும் பேசியாக வேண்டும். ஜெர்மானியத் தத்துவவாதி ஷோப்பன்ஹவர் 1851இல் வெளியிட்ட நூலில் இரைச்சலுக்கென்றே ஒரு கட்டுரை உண்டு. அவர் கோபமெல்லாம் வண்டிக்காரன் சொடுக்குகிற சாட்டைச் சத்தத்தின் மேல். இரைச்சலைத் தாங்க முடியாமை அறிவின் அடையாளம் என்றுகூட அவர் எண்ணினார். கணிப்பொறியின் முன்னோடியான சார்லஸ் பாபேஜ், லண்டன் தெருவில் வாத்தியம் வாசித்துப் பிழைத்தவர்களுக்கு எதிராக நடத்திய போராட்டம் 1864இல் சட்டமாகவே ஆனது. இவர்களுடைய எரிச்சல் பொய்யில்லை. ஆனால் அந்த எரிச்சல் போய் நின்ற இடம் வண்டிக்காரனும் தெருப்பாடகனும்தான். உழைப்பவனின் சத்தம் இரைச்சலாகவும் சிந்திப்பவனின் அமைதி நாகரிகமாகவும் கட்டமைக்கப்பட்ட வரலாறு இது.

நம் கதை இன்னும் விசித்திரமானது. கோவில்பட்டியை ஒட்டிய இடைசெவலில் உட்கார்ந்து கி. ராஜநாராயணன் பேச்சுமொழியை எழுத்துக்குக் கொண்டுவந்தார். 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதி போட்டார். பூமணி 'பிறகு' நாவலில் ஒடுக்கப்பட்டவர்களின் பேச்சுக்கு இடம் கொடுத்தார். உருளைகுடியின் சோ. தர்மன் 'சூல்' நாவலுக்கு 2019இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். இந்தக் குரல்களைப் பற்றி நான் கருத்தரங்குகளில் அரைமணி நேரம் பேசியிருக்கிறேன். 'வாய்மொழி மரபு', 'விளிம்பின் குரல்' என்ற சொற்களை எந்தக் கூச்சமுமில்லாமல் பயன்படுத்தியிருக்கிறேன். அதே மொழி, அச்சு ஏறாமல், எனக்குப் பின்சீட்டிலிருந்து உயிரோடு வரும்போது எனக்கு அது இரைச்சல். பக்கத்தில் படித்தால் இலக்கியம், பக்கத்து சீட்டில் கேட்டால் தொந்தரவு என்றால், நாம் கொண்டாடியது அந்தக் குரலையா, அது நம் கைக்கு அடக்கமாக மௌனமாகிவிட்ட பிரதியையா?

கரிசலில் குரல் ஏன் பெரிதாக இருக்கிறது என்று யோசிக்கலாம். மரமில்லாத வெட்டவெளிக் காடு. ஒரு புஞ்சையில் களையெடுப்பவள் மறு புஞ்சையில் நிற்பவளைக் கூப்பிட வேண்டும். தூரத்தையே குரலால் அளந்து 'கூப்பிடு தூரம்' என்று சொன்ன மொழி இது. 'போகும்போது ஒரு சத்தங் குடுத்துட்டுப் போ' என்றால் இங்கே அன்பு. 'சத்தம் போடுதாரு' என்றால் அதிகாரம். 'சத்தங்காட்டாம இரு' என்றால் எச்சரிக்கை. ஒரே சத்தம், கொடுக்கப்படும்போதும் போடப்படும்போதும் காட்டப்படும்போதும் வேறுவேறு உறவுகளைக் குறிக்கிறது. செல்பேசி வந்து கூப்பிடு தூரத்தை இல்லாமலாக்கிவிட்டது. தொண்டைக்கு அந்தச் செய்தி இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் அம்மா காது கேளாத தாய்க்குச் சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டைக்காரர் அவர்மேல் சத்தம் போட்டார்.

அந்த அம்மா வாயை மூடிய விதம் என்னைத் தூங்கவிடவில்லை. வாய் பொத்திப் பேசுவது இந்த மண்ணில் ஒரு கட்டளையாக இருந்தது. துண்டை இடுப்பில் கட்டு, செருப்பைக் கையில் எடு, வாயைப் பொத்து. விவசாயிகளின் எழுச்சிகளைப் பற்றி 1983இல் எழுதிய ரணஜித் குஹா, பேச்சு, சைகை, உட்காரும் முறை போன்றவற்றில்தான் கீழ்ப்படிதல் எழுதப்பட்டிருக்கிறது, அவற்றை மீறுவதில் கலகம் தொடங்குகிறது என்று காட்டினார். ஆக, ஒடுக்கப்பட்ட ஒருவர் பொதுவெளியில் உரக்கப் பேசுவது வெறும் பழக்கக்கேடு மட்டும்தானா என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பஸ்ஸும் இங்கே வெறும் வாகனம் கிடையாது. 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு டெல்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமோடு பேசியதுதான் இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பு. அதற்கு ஐந்து நாள் முன்பு, ஜூலை 26 அன்று வீரசிகாமணியில் தலித் பள்ளி மாணவர்களுக்கும் பஸ் டிரைவருக்கும் ஏற்பட்ட தகராறிலிருந்து தென்மாவட்டக் கலவரம் வெடித்தது. ஆகஸ்ட் 31 அன்று போலீஸ் கொடியங்குளத்துக்குள் புகுந்தது. அங்கே உடைக்கப்பட்டவற்றில் டிவியும் டேப்ரெக்கார்டரும் உண்டு. சத்தம் எழுப்புகிற பொருள்கள் அந்த ஊரில் இருந்ததே குற்றமாகத் தெரிந்திருக்கிறது. 1997இல் போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டபோது, அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். கடைசியில் எல்லாத் தலைவர்கள் பெயரும் பஸ்களிலிருந்து நீக்கப்பட்டன. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் பரீட்சைக்குப் போய்க்கொண்டிருந்த தலித் மாணவன் பஸ்ஸை மறித்துத்தான் வெட்டப்பட்டான். இந்த பஸ்ஸுக்குள்தான் நாம் 'பொது இட நாகரிகம்' பேசுகிறோம்.

அதற்காக, உரத்த குரல் எல்லாம் விடுதலைக் குரல் என்று நான் கொண்டாடப் போவதில்லை. அப்படிச் செய்தால் அந்த மூன்று இளைஞர்களையும் கொண்டாட வேண்டிவரும். நாங்குநேரி சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் கட்டுவதைத் தடைசெய்யச் சொன்னது. ரிங்டோன் என்பது காதுக்குக் கட்டிய கயிறு. கயிறையாவது பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், காதுக்கு இமை இல்லை. ஆனால் இங்கேயும் எல்லா ரிங்டோனும் ஒன்றல்ல. 2015 மே மாதம் மகாராஷ்டிரத்தின் ஷீரடியில், அம்பேத்கர் பாட்டை ரிங்டோனாக வைத்திருந்ததற்காக ஒரு தலித் மாணவர் அடித்துக் கொல்லப்பட்டார். ஒரு பாட்டுக்கு பஸ்ஸே வாய்மூடுகிறது, இன்னொரு பாட்டுக்கு உயிர் போகிறது. இரண்டையும் 'ஒலி மாசு' என்ற ஒரே தலைப்பில் எழுதிவிட முடியுமா?

ஆகவே பஸ்ஸில் இருப்பது ஒரு மௌனம் இல்லை, இரண்டு மௌனம். ஒன்று, பக்கத்தில் தூங்குகிற குழந்தைக்காகவோ ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் நோயாளிக்காகவோ நாமாகக் குரலைத் தாழ்த்திக்கொள்வது. மற்றது, அடி விழுமோ என்று வாயை மூடிக்கொள்வது. வெளியிலிருந்து கேட்டால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். முதலாவதைக் கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. இரண்டாவதற்குப் பழகிப்போன நாம், அந்தப் பயத்தின் வெட்கத்தை எளியவர்களிடம் முதலாவதைக் கறாராக வசூலித்துத் தீர்த்துக்கொள்கிறோம். என் நிம்மதியின் அடியில் கிடந்தது இதுதான்.

இதைச் சொன்னபோது தோழர் ஒருவர், "அப்ப யாரையுமே மெதுவாப் பேசச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டார். சொல்லலாம். ஆனால் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி: இதே வார்த்தையை, இதே தொனியில், அந்த மூன்று பேரிடமும் சொல்வேனா? மாட்டேன் என்றால், அந்த அம்மாவிடம் நான் கேட்பது அமைதியை இல்லை, கீழ்ப்படிதலை. தனியாகச் சொல்லப் பயமென்றால், நாலு பேராகச் சேர்ந்து அந்தப் பாட்டை நிறுத்தச் சொல்வது எப்படி என்று யோசிக்க வேண்டும். கருத்தரங்கு நடத்துவதைவிடக் கஷ்டமான வேலை அது. அதனால்தான் அதைச் செய்யாமல் இருக்கிறோம்.

தெற்கே வயசாளிகள் வண்டிக்குக் கொடுக்கும் கூலியையும் 'வண்டிச் சத்தம்' என்றுதான் சொல்வார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குச் சத்தம் கிடையாது. கட்டணம் கேட்காத பஸ்ஸில், அதற்குப் பதிலாக அவர்கள் குரலைக் கேட்டு வாங்குகிறோம். அன்றைக்கு அந்த அம்மா இறங்கும்போது என்னைப் பார்த்து, "ரொம்ப சத்தமாப் பேசிட்டேனோ, சார்?" என்றார். நான் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.