தற்செயலும் திருவுளமும்: கோணான்குப்பம் தலமரபு முதல் ‘கோவேறு கழுதைகள்’ வரை

ஆய்வுச்சுருக்கம்

அன்றாட வாழ்வில் எதிர்பாராது நேரும் நிகழ்வுகளில் இறைவனின் வழிநடத்துதலைக் கண்டுணர்தல் கிறித்தவ நம்பிக்கையின் நடைமுறைக் கூறுகளுள் ஒன்று. இந்நம்பிக்கை எடுத்துரைப்பாக மாறும்போது கொள்ளும் வடிவத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. விருத்தாசலம் வட்டாரத்தோடு தொடர்புடைய கோணான்குப்பம் தலமரபும் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ புதினமும் முதன்மை ஆதாரங்களாகின்றன. ‘தேம்பாவணி’யும் ‘பிரதாப முதலியார் சரித்திர’மும் ஒப்பீட்டிற்குக் கொள்ளப்படுகின்றன. தற்செயல் நிகழ்வு அருளாக வாசிக்கப்பட, அதனை ஏந்திக்கொள்ளும் சமூக ஏற்பாடு ஒன்று முன்பே இருக்க வேண்டும் என்பது கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: தற்செயல், இறைப்பராமரிப்பு, ஊழ், தலமரபு, கிறித்தவத் தமிழ் இலக்கியம், விருத்தாசலம்.

முன்னுரை

விருத்தாசலம் இன்று பீங்கான் நகர் என அறியப்படுகிறது. பீங்கான் தொழில்நுட்பம் பயிற்றும் அரசு நிறுவனமும் பீங்கான் தொழிற்கூடங்களும் அப்பெயருக்குக் காரணம். அதற்கு நெடுங்காலம் முன்பே இவ்வூர் திருமுதுகுன்றம் என்னும் பாடல்பெற்ற தலம். சுந்தரர் இத்தலத்தில் பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்கிறது சைவ மரபு. நிகழ்வுகளுக்குப் பின்னே ஒரு திருவுளம் இயங்குகிறது என்னும் வாசிப்பு, இம்மண்ணிற்குக் கிறித்தவம் வருமுன்பே பழகிய ஒன்று. ஆகவே இவ்வட்டாரக் கிறித்தவ எடுத்துரைப்புகளை வெளியிலிருந்து வந்த நம்பிக்கையின் பதிவுகளாக மட்டும் கொள்ளுதல் போதாது.

கிறித்தவத் தமிழ் இலக்கிய ஆய்வுகள் பெரும்பாலும் யாப்பு, அணி, பண்பாட்டேற்பு ஆகியவற்றில் கவனம் செலுத்தியுள்ளன. ‘இது தெய்வச் செயல்’ என்று ஒரு பாத்திரமோ கதைசொல்லியோ கூறும் இடங்கள், பக்தியுணர்வின் வெளிப்பாடு என்றோ கதைப்பின்னலின் பலவீனம் என்றோ கடந்துசெல்லப்படுகின்றன. அவ்வாறு கூறுபவர் யார், எந்நிலையிலிருந்து கூறுகிறார், கூற இயலாதவர் யார் என்னும் வினாக்கள் எழுப்பப்பட வேண்டும்.

ஊழும் பராமரிப்பும்

எதிர்பாரா நிகழ்வை விளக்கத் தமிழ் மரபில் முன்பே இருந்த கருத்தாக்கம் ஊழ். திருக்குறள் அதற்கு ஓர் அதிகாரம் ஒதுக்குகிறது. சிலப்பதிகாரம் தன் கதையையே ஊழ்வினையின்மேல் நிறுத்துகிறது. ஊழ் பின்னோக்கியது. முன்செய்த வினையின் பயனாக இன்றைய நிகழ்வு வந்து சேர்கிறது. அதற்கு முகமில்லை, அதனோடு உரையாட முடியாது. கிறித்தவம் கூறும் இறைப்பராமரிப்போ முன்னோக்கியது. ஓர் ஆளுமையுள்ள கடவுள் ஒரு நோக்கத்தை முன்னிட்டு நிகழ்வுகளை நடத்துகிறார் என்பது அதன் அடிப்படை. அடைக்கலான் குருவி ஒன்றுகூடத் தந்தையின் அறிவுக்கு அப்பாற்பட்டு விழுவதில்லை என்னும் பொருள்பட மத்தேயு நற்செய்தி (10:29) பேசுவது இக்கருத்தின் எல்லைவரை செல்கிறது.

‘தெய்வாதீனமாகத் தப்பினான்’ என்னும் வழக்கு, தமிழில் தற்செயலும் தெய்வச் செயலும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதைக் காட்டும். ஒரே நிகழ்வை முதற்சொல் காரணமற்றது என்கிறது. இரண்டாவது சொல் காரணமுள்ளது என்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைக் கடப்பது கதை. நிகழும் கணத்தில் நிகழ்வு வெறும் நிகழ்வே. பின்னர்த் திரும்பிப் பார்த்துச் சொல்லும்போதுதான் அது வழிநடத்துதல் ஆகிறது.

ரூத்தின் வயல்

இதற்கு விவிலியத்திலேயே தெளிவான முன்மாதிரி ரூத்து நூலாகும். மோவாபியப் பெண்ணான ரூத்து, கணவனை இழந்து, மாமியார் நகோமியோடு பெத்லகேம் வருகிறாள். பிழைப்புக்காகக் கதிர் பொறுக்கச் செல்கிறாள். அவள் சென்ற வயல் போவாசுடையதாக அமைந்ததைத் தற்செயலாக நேரிட்டது என்றே நூல் (2:3) குறிக்கிறது. இந்நூலில் கடவுள் நேரடியாகப் பேசுவதில்லை, கனவில் தோன்றுவதுமில்லை. எனினும் தற்செயலாக அமைந்த வயல் தாவீதின் குலமரபுக்கு வாயிலாகிறது.

இங்கு ஒன்று கவனத்திற்குரியது. அறுவடையில் சிந்திய கதிரையும் வயலோரத்து விளைச்சலையும் ஏழைக்கும் அயலாருக்கும் விட்டுவிட வேண்டும் என்று லேவியர் நூல் (19:9-10) விதித்திருந்தது. ரூத்து எந்த வயலுக்குச் சென்றாள் என்பது தற்செயல். அவள் வயலுக்குள் இறங்க முடிந்தது தற்செயலன்று. சட்டம் அவளுக்கு ஓர் உரிமையைத் தந்திருந்தது. அவ்வுரிமை இல்லையேல் அந்தத் தற்செயல் அருளாக மாறியிருக்காது. இதனையே பின்வரும் பனுவல்களை அளக்கும் கோலாக இக்கட்டுரை கொள்கிறது.

கோணான்குப்பம்: காணாமற்போன திருவுருவம்

விருத்தாசலத்தை அடுத்த முகாசபரூருக்கு அருகே உள்ளது கோணான்குப்பம் பெரியநாயகி அன்னை திருத்தலம். வீரமாமுனிவர் எனத் தமிழுலகம் அறிந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கியோடு (பிறப்பு 1680) இத்தலத்தின் தோற்றம் பிணைந்துள்ளது. வழிப்பயணத்தில் இளைப்பாறியபோது அவர் கொண்டுவந்த மரியன்னையின் திருவுருவம் காணாமற்போனது என்றும், பின்னர் மகப்பேறற்ற கச்சிராயர் குடும்பத்தாருக்குக் கனவில் அன்னை தோன்றி அதன் இருப்பிடத்தை உணர்த்தினார் என்றும், அவர்கள் அதனைக் கண்டெடுத்து ஆலயம் எழுப்பி மகப்பேறு பெற்றனர் என்றும் தலமரபு கூறும். பிற்காலத்தில் தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் அமைந்த திருவுருவம் இங்கு நிறுவப்பட்டது. பெரியநாயகி என்னும் பெயர் விருத்தாசலம் சிவன் கோயில் அம்மனின் பெயரும் ஆகும்.

மரபுக்கதையின் வரலாற்று உண்மையைச் சோதிப்பது இங்கு நோக்கமன்று. அதன் கட்டமைப்பே ஆய்வுக்குரியது. இழப்பு, மறைவு, கனவு, கண்டெடுப்பு, பேறு என ஐந்து படிகளில் கதை செல்கிறது. திருவுருவம் தொலைந்தது முதலில் ஒரு விபத்து. கண்டெடுத்த பின்னரே அது தொலையாமல் இருந்திருந்தால் இத்தலம் தோன்றியிராது என்னும் பொருளைப் பெறுகிறது. தமிழ்நாட்டுத் தலபுராணங்களில் புற்றிலும் புதரிலும் மறைந்திருந்த தெய்வத் திருமேனி கனவின்வழி வெளிப்படுதல் பழகிய கதைக்கூறு. கிறித்தவ மரபு அதனை ஏற்று, இறைப்பராமரிப்பின் மொழியில் மீண்டும் சொல்கிறது.

அருளை முதலில் பெறுபவர் யார் என்பதும் நோக்கத்தக்கது. கனவு பாளையக்காரரின் குடும்பத்திற்கு வருகிறது. அவர்களிடம் நிலம் இருந்தது. ஆலயம் எழுப்பும் வலிமை இருந்தது. கனவைச் சொன்னால் ஊர் நம்பும் தகுதி இருந்தது. அதே கனவு திருவுருவம் கிடந்த காட்டில் சுள்ளி பொறுக்கிய ஒருத்திக்கு வந்திருந்தால் அது தலமரபாகியிருக்குமா என்பது ஐயமே. கதையை நிலைநிறுத்துவதில் நம்பிக்கைக்கு எவ்வளவு பங்குண்டோ அவ்வளவு பங்கு அதிகாரத்திற்கும் உண்டு.

தேம்பாவணியின் வளன்

வீரமாமுனிவர் தம் காப்பியத்தின் தலைவனாக வளன் எனப்படும் சூசையைத் தேர்ந்தமை இவ்வாய்வில் பொருள்மிக்கது. 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட தேம்பாவணியில், தலைவன் போர் வெல்பவனல்லன், குறிப்பறிந்து நடப்பவன். அவனது கோல் பூப்பது மணத்திற்கான தெய்வக் குறியாகிறது. மரியாளின் கருவுற்ற நிலைகண்டு அவன் உறும் ஐயமும் அது நீங்குவதும் தனித்தனிப் படலங்களில் விரிகின்றன. நற்செய்தி நூல்களில் சூசை ஒரு சொல்லும் பேசுவதில்லை. கனவில் பெற்ற குறிப்பின்படி எழுந்து நடக்கிறார். முனிவர் அம்மௌனத்தை உள்ளப் போராட்டமாக விரித்தமையால், வழிநடத்துதலை உணர்தல் உடனடியாக வாய்ப்பதன்று, ஐயத்தின் வழியே வருவது என்னும் உண்மை காப்பியத்தில் இடம்பெறுகிறது.

எகிப்துக்குத் தப்பியோடும் நிகழ்வின் மறுபக்கத்தையும் காப்பியம் விலக்கவில்லை. ஒரு குழந்தை கனவின் எச்சரிக்கையால் காக்கப்பட்டது. பெத்லகேமின் ஏனைய குழந்தைகள் ஏரோதின் வாளுக்கு இரையாயினர். அவர்தம் தந்தையருக்குக் கனவு வரவில்லை. காக்கப்பட்டவரின் நன்றியை எழுதும் எவரும் காக்கப்படாதவரின் கேள்வியையும் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. குழந்தைகள் வதையையும் பாடியதன்மூலம் தேம்பாவணி அக்கேள்விக்கு இடமளிக்கிறது.

பிரதாப முதலியார் சரித்திரம்: இரண்டு யானைகள்

1879இல் வெளிவந்த தமிழின் முதற்புதினத்தை இயற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர், முன்சீப்பாகப் பணியாற்றியவர். யானை வேட்டை காணச் சென்ற பிரதாபன் யானையால் சுமந்து செல்லப்பட்டு வழிதப்புகிறான். விக்கிரமபுரியை அடைந்து, செருப்புத் தைப்பவர் ஒருவரோடு நேர்ந்த சிறுவழக்கில் சிறைப்படுகிறான். அவனைத் தேடி ஆணுடையில் வந்த ஞானாம்பாளின் கழுத்தில் பட்டத்து யானை மாலையிட, அவள் அரசனாகிக் கணவனை மீட்கிறாள். ஒரு யானை பிரிக்கிறது. மற்றொரு யானை சேர்க்கிறது.

இத்தகைய உடன்நிகழ்வுகளைப் புதினக் கலையின் முதிராமை எனக் கூறுதல் எளிது. யானை அரசனைத் தேர்தல் கரிகாலன் பற்றிய மரபிலும் பெரியபுராணத்து மூர்த்தி நாயனார் வரலாற்றிலும் வரும் பழங்கூறு. வேதநாயகம் பிள்ளை அதனை எடுத்தாளும்போது சமயச் சார்பு தோன்றாத பொதுக் கடவுளின் பராமரிப்பாக அதனை மாற்றுகிறார். நல்லோர் இறுதியில் கைவிடப்படார் என்பதற்கு உடன்நிகழ்வு சான்றாகிறது. ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ இயற்றியவரின் இறையியல் நோக்கோடு இது முற்றிலும் பொருந்துகிறது.

ஆயினும் ஞானாம்பாளுக்கு மாலை விழுந்ததனால் மட்டும் நீதி கிடைக்கவில்லை. மாலை விழுந்தபின் ஆளும் கல்வியும் வழக்காராயும் மதிநுட்பமும் அவளிடம் இருந்தன. அவை அவளது குடும்பம் தந்தவை. அவளுக்கும் ரூத்துக்கும் இவ்வகையில் ஓர் ஒற்றுமை உண்டு. தற்செயல் வாயிலைத் திறந்தது. உள்ளே நடந்துசெல்லக் கால்கள் ஏற்கெனவே இருந்தன.

கோவேறு கழுதைகள்: வயலில்லாத ரூத்து

விருத்தாசலத்தில் வாழும் இமையத்தின் முதற்புதினம் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வெளிவந்தது. பறையர் குடியிருப்புக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்தின் கதை அது. குடும்பத்தலைவி ஆரோக்கியம், கணவன் சவுரி, மக்கள் ஜோசப், பீட்டர், மேரி. ஆரோக்கிய மாதா, சவேரியார், சூசை, பேதுரு, மரியாள் எனக் கத்தோலிக்க மரபின் முழுமையும் இப்பெயர்களில் வந்து தங்கியிருக்கிறது. மகனைக் குருவாக்கும் கனவோடு குடும்பம் மேற்கொள்ளும் பயணத்தில் புதினம் தொடங்குகிறது. தேம்பாவணியின் தலைவன் பெயரைத் தாங்கிய மகன், தாயின் எண்ணப்படி குருவாகவில்லை. மணம்புரிந்து பிரிந்து செல்கிறான். மேரி வன்கொடுமைக்கு ஆளாகிறாள். வீட்டுவீடாக இரந்து பெறும் இராச்சோறும் களத்தில் பெறும் தானியமும் சலவைக் கடையும் தையல் இயந்திரமும் வர வரச் சுருங்குகின்றன.

ஆரோக்கியத்தை ரூத்தோடு வைத்து வாசித்தல் பயனுடையது. இருவரும் அறுவடைக் களத்தின் விளிம்பில் நின்று தானியத்திற்குக் காத்திருப்பவர்கள். ரூத்துக்குச் சிந்திய கதிரின்மேல் சட்டம் தந்த உரிமை உண்டு. ஆரோக்கியத்திற்கு இருப்பது வழக்கம் மட்டுமே; கொடுப்பவர் மனம் மாறினால் அவ்வழக்கமும் இல்லை. அவளது களத்திற்குப் போவாசு வரவில்லை. அவள் நம்பிக்கையில் குறைந்தவள் என்பதால் அன்று. அவளுக்கு எந்தத் தற்செயல் நேர்ந்தாலும் அதனை அருளாக மாற்றித் தரும் ஏற்பாடு எதுவும் அவளைச் சூழ்ந்த சமூகத்தில் இல்லை என்பதால்.

இப்புதினம் கடவுளை மறுக்கவில்லை. ஆரோக்கியத்தின் மன்றாட்டை ஏளனம் செய்யவுமில்லை. ஆனால் ‘எல்லாம் நன்மைக்கே நடந்தது’ என்று திரும்பிப் பார்த்துச் சொல்லும் இடத்தை அது அவளுக்குத் தரவில்லை. கோணான்குப்பம் மரபிலும் வேதநாயகம் பிள்ளையிலும் கதையின் முடிவே தொடக்கத்தை விளக்குகிறது. இமையத்தில் முடிவு தொடக்கத்தைக் கேள்விக்குள்ளாக்குகிறது. ஒரே சமய மரபின் இரு முனைகள் இவை.

பச்சை மண்ணும் சுட்ட கலமும்

துயரத்தையும் இறைத்திட்டமாக ஏற்கச் சொல்வோர் பெரிதும் கையாளும் உருவகம் குயவனும் களிமண்ணும். எரேமியா நூலின் 18ஆம் அதிகாரத்தில், கையில் கெட்டுப்போன கலத்தைக் குயவன் மீண்டும் பிசைந்து வேறு கலமாக வனைகிறான். மறையுரைகளில் இப்பகுதியே மிகுதியும் எடுத்தாளப்படுகிறது. அடுத்த அதிகாரத்தில் வருவதோ சுட்ட கலம். உடைக்கப்பட்டால் மீண்டும் ஒட்டவியலாதது. பீங்கான் நகரின் வாசகருக்கு இவ்வேறுபாடு விளக்கம் வேண்டாதது. சூளைக்குச் செல்லாத மண்ணைக் கரைத்து மீண்டும் வனையலாம். சூளையில் வெந்தபின் விரிந்தது விரிந்ததே.

எல்லா உடைவுகளையும் மறுவனைவின் முன்னேற்பாடாக வாசிப்பது விவிலியத்தின் ஒரு பக்கத்தை மட்டும் படிப்பதாகும். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைச் சுட்டிய இயேசு (லூக்கா 13:4), அவர்கள் மற்றவரைவிடப் பெரும் குற்றவாளிகள் என்னும் எண்ணத்தை மறுத்தார். நிகழ்விலிருந்து இறைவனின் தீர்ப்பைக் கண்டறியும் அவசரத்திற்கு நற்செய்தியே இட்ட தடை இது. மேரிக்கு நேர்ந்ததைத் திருவுளம் என்று கூறும் எவ்விளக்கமும் இத்தடையை மீறுகிறது.

முடிவுரை

எதிர்பாரா நிகழ்வுகளில் இறைவனின் வழிநடத்துதலைக் காணுதல் பின்னோக்கிய எடுத்துரைப்புச் செயல் என்பதும், அது நிலைபெறச் சொல்பவரின் சமூக இடம் துணைசெய்கிறது என்பதும் மேற்கண்ட பனுவல்களால் புலனாகின்றன. இதனால் அவ்வாசிப்பு பொய் என்றாகிவிடாது. ரூத்து நூல் காட்டுவது போல, அருள் தற்செயலின் வழியே வரலாம். ஆனால் அது வந்து தங்குவதற்குச் சிந்திய கதிரை விட்டுவைத்த ஒரு வயல் வேண்டும். ‘தேம்பாவணி’ ஐயத்திற்கு இடம் தந்தது. ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அறத்திற்குப் பரிசு தந்தது. ‘கோவேறு கழுதைகள்’ அந்த வயல் எங்கே என்று கேட்கிறது. கிறித்தவத் தமிழ் எடுத்துரைப்புகளை மதிப்பிடுவோர், தெய்வச் செயல் என்று கூறப்படும் இடங்களோடு, அவ்வாறு கூற எவருக்கும் வாய் எழாத இடங்களையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.