இடிக்கப்பட்ட வீடும் எழுப்பப்பட்ட மண்டபமும்

புதுச்சேரி பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் வெள்ளை மண்டபத்தை நேரில் போகாதவர்களும் பார்த்திருப்போம். புதுச்சேரி அரசின் சின்னமே அதுதான். திருக்கனூரில் உட்கார்ந்தபடி ஓர் அரசுத் தாளைக் கையில் வாங்கினாலும் அந்த மண்டபம் நம்மிடம் வந்துவிடுகிறது. ஆயி மண்டபம் என்று ஒரு தாசியின் பெயரில் அதை அழைக்கிறோம். பெண்ணுக்குக் கிடைத்த பெரிய மரியாதை இது என்று சொல்லி நிறுத்திக்கொள்வது வழக்கம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை.

வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது. பதினாறாம் நூற்றாண்டில் உழவர்கரைப் பக்கம் வந்த கிருஷ்ணதேவராயர், விளக்கொளியில் ஒரு மாளிகையைக் கண்டு கோயில் என்று எண்ணிக் கைகூப்பினாராம். அது ஆயியின் வீடு என்று தெரிந்ததும் கோபம் வந்து இடிக்கச் சொன்னாராம். தானே இடித்துவிடுவதாகக் கேட்டுக்கொண்ட ஆயி, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள். அதுதான் முத்திரையர்பாளையத்துக் குளம். பிறகு, மூன்றாம் நெப்போலியன் பிரான்சை ஆண்ட காலத்தில் (1852–1870), அங்கிருந்து வாய்க்கால் வழியாக நகரத்துக்குக் குடிநீர் வந்தது. அதன் நினைவாக எழுந்தது மண்டபம்.

இதைத் தியாகக் கதையாகவே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். நிதானமாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. பிழை அரசரின் கண்ணில். தண்டனை அவள் வீட்டுக்கு. கும்பிட்ட கை கூசிப்போனதற்காக ஒரு பெண் வீடிழக்க வேண்டியிருக்கிறது. அந்த அநியாயத்தைக் கதை ஒரு வரியில் தாண்டிவிட்டு, குளத்துக்கு வந்ததும் குரலை உயர்த்துகிறது.

அந்த வீடு சாதாரணமானதல்ல. பெரும்பாலான பெண்களுக்குத் தன் பெயரில் ஒரு குழி நிலமும் இல்லாத சமூகத்தில், தாசிகள் சொத்து வைத்திருந்தார்கள். கோயிலுக்குக் கொடை கொடுத்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தி, ஆளுக்கொரு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் வகுத்ததைக் கல்வெட்டு ஒவ்வொருவர் பெயரோடும் சொல்கிறது. (அந்த வாழ்வைப் பொற்காலமாக்க நான் வரவில்லை. கொடுத்த கைக்குக் கட்டுப்பட்ட வாழ்வுதான் அதுவும்.) திருக்கனூருக்குப் பக்கத்திலேயே திருவக்கரையில், சிவன் கோயிலைக் கற்றளியாக்கிய செம்பியன் மாதேவியின் பெயர் கல்லில் இருக்கிறது. அவர் சோழ அரசி. ஆயிக்கு வாய்மொழி மட்டும்தான். 'ஆயி' என்பதே தாயைக் குறிக்கும் சொல்; அவள் சொந்தப் பெயர்தானா அது என்ற ஐயம் எனக்கு எப்போதும் உண்டு.

அதற்காக அவளை அழுதுகொண்டு நின்றவளாகவும் நான் பார்க்கவில்லை. அரசர் சொன்னது இடிக்க மட்டும். குளம் அவள் யோசனை. தப்பிக்க வழியில்லாத ஆணைக்குள் நுழைந்து, இடிப்பது யார், இடித்த இடத்தில் என்ன வரும் என்ற இரண்டையும் தன் கைக்குள் கொண்டுவந்திருக்கிறாள். இது பேரம். தியாகம் என்று பெயர் வைத்ததும் இந்தச் சாமர்த்தியம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ஆணையிட்டவரும் பொறுப்பிலிருந்து நழுவிவிடுகிறார்.

மண்டபமும் இதைத்தான் செய்கிறது. கிரேக்க, ரோமானியப் பாணித் தூண்கள், வளைவுகள். இடிபட்ட வீட்டின் சாயல் அதில் எங்கும் இல்லை. அதே நகரத்தில் துய்ப்ளேக்குச் சிலை உண்டு. எங்கோ பிரான்சில் எரிக்கப்பட்ட ழான் தார்க்குக்கூட, தேவாலயத்துக்கு எதிரே சிலை உண்டு. குடிக்கத் தண்ணீர் கொடுத்தவள் பெயராக மட்டும் நிற்கிறாள்.

மண்டபம் யார் காலத்தில் கட்டப்பட்டது என்று கேட்டால் நம் பிள்ளைகள் மூன்றாம் நெப்போலியன் என்பார்கள். குளம் வெட்டியது யார் என்றாலும் சொல்லிவிடுவார்கள். அந்த வீடு என்ன குற்றத்துக்காக இடிபட்டது என்று வகுப்பில் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்.