முந்நூறு ரூபாய்க்கு ஒரு சாக்லேட்

விலை கூடிய சாக்லேட்டுக்குக் கொடுக்கிற காசு தகுமா என்று யாராவது கேட்டால், உறையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள் என்பதுதான் என் முதல் பதில். முன்பக்கத்தில் யானை இருக்கும், மயில் இருக்கும், பொன்னிறத்தில் எழுத்து இருக்கும். அதெல்லாம் அச்சகத்தின் திறமை. கொக்கோ எந்த ஊரில் விளைந்தது என்று பின்னால் போட்டிருக்கிறதா, சேர்மானங்களில் முதலில் வருவது கொக்கோவா சர்க்கரையா, கொக்கோ வெண்ணெய் தவிர வேறு கொழுப்பு உண்டா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மீதியை நாக்கு சொல்லும். சரியான கையிலிருந்து வந்ததானால், முந்நூறு ரூபாய்க்கு வாங்கும் அறுபது கிராம் சாக்லேட் அந்தக் காசுக்கு முழுக்கத் தகும் என்பது என் தீர்மானமான கருத்து. அதே விலைக்கு வெறும் பெட்டியை வாங்கிவருகிறவர்களும் உண்டு என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை தாண்டிச் சேத்துமடைப் பக்கம் போனால், தென்னந்தோப்புகளின் நிழலில் ஊடுபயிராக நிற்கும் கொக்கோ மரங்களைப் பார்க்கலாம். பலா மாதிரி அடிமரத்திலேயே காய் பிடிக்கும். பழுத்த காயை உடைத்தால் வெள்ளைச் சதை போர்த்திய முப்பது நாற்பது கொட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சதையை வாயில் போட்டுச் சப்பினால் தித்திப்பும் புளிப்புமாக அருமையாக இருக்கும். கொட்டையைக் கடித்துவிட்டாலோ போச்சு. உள்ளே ஊதா நிறம், கடுங்கசப்பு, வாயெல்லாம் துவர்ப்பு. சாக்லேட் மணம் துளிகூட இருக்காது. அந்த மணத்துக்கு வித்து விழுவது காயை உடைத்த பிறகு வரும் ஒரு வாரத்தில். நான் கூடுதல் காசு கொடுப்பது பெரும்பாலும் அந்த ஒரு வாரத்துக்காகத்தான்.

உடைத்த கொட்டைகளைச் சதையோடு மரப்பெட்டியில் கொட்டி, மேலே வாழையிலையும் சாக்கும் போட்டு மூடிவிடுவார்கள். சதையிலுள்ள சர்க்கரையை முதலில் ஈஸ்ட் தின்று சாராயமாக்கும். சதை கரைந்து வடிய, இடுக்குகளில் காற்று புகும். அப்போது பாக்டீரியா வந்து அந்தச் சாராயத்தைப் புளிக்காடியாக்கும். பெட்டிக்குள் சூடு 45, 50 டிகிரி வரை ஏறும். அந்தச் சூட்டிலும் புளிப்பிலும் கொட்டை முளைக்கும் சக்தியை இழக்கிறது. அதுவரை உள்ளே தனித்தனியாக அடைபட்டிருந்த புரதமும் நொதிகளும் கலந்து, புரதம் அமினோ அமிலங்களாக உடைகிறது. பின்னால் வறுக்கும்போது சாக்லேட் வாசனையாக எழுந்து வருவது அந்த அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சேர்ந்து செய்கிற வேலை. ஐந்திலிருந்து ஏழு நாள் இது நடக்கும். நடுநடுவே கொட்டையைப் புரட்டிப் போட வேண்டும். சீக்கிரம் எடுத்துவிட்டால் துவர்ப்பு தங்கிவிடும்; அதிகம் விட்டால் கெட்ட வாடை ஏறும். அப்புறம் ஈரம் ஏழு சதவீத அளவுக்கு இறங்கும்வரை வெயிலில் காய வேண்டும். அதற்குள் மழை வந்தால் ஓடிப்போய் மூட வேண்டும்.

விவசாயியின் பக்கம் நின்று பார்த்தால் இதில் ஆதாயத்தைவிடத் தொல்லைதான் அதிகம். பச்சைக் கொட்டையாக எடைபோட்டு விற்றால் அன்றைக்கே காசு. புளிக்கவைத்துக் காயவைத்தால் எடை பாதிக்கும் கீழே போய்விடுகிறது, வேலையோ இருமடங்கு. அந்த இழப்பையும் உழைப்பையும் ஈடுகட்டும் விலை கிடைத்தால் ஒழிய யாரும் சிரத்தையாகச் செய்ய மாட்டார்கள், செய்யவும் வேண்டியதில்லை. நல்ல சாக்லேட் செய்கிறவர்கள் கொட்டை வாங்கும்போது கைநிறைய எடுத்து ஒவ்வொன்றாக நீளவாக்கில் வெட்டிப் பார்ப்பார்கள். உள்ளே பழுப்பு நிறத்தில் பாளம்பாளமாக வெடித்திருந்தால் நன்றாகப் புளித்தது. ஊதாவாகவோ சிலேட்டுப் பலகை நிறத்திலோ இறுகிக் கிடந்தால் அரைகுறை. அரைகுறைக் கொட்டையை எந்த மெஷினாலும் தேற்ற முடியாது.

பெரிய கம்பெனி சாக்லேட்டை நான் குறை சொல்லவில்லை. அது வேறு பண்டம். உலகத்தில் விளையும் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டே நாடுகளிலிருந்து வருகிறது. எத்தனையோ லட்சம் தோட்டங்களின் கொட்டை ஒரே கிடங்கில் கலக்கிறது. அதிலிருந்து மதுரையிலும் மும்பையிலும், இந்த வருஷமும் அடுத்த வருஷமும், ஒரே ருசியாக வர வேண்டும். அதனால் தூக்கலாக வறுத்து, தனித்தன்மையைச் சமன்செய்து, பாலும் சர்க்கரையும் வெனிலா வாசனையும் சேர்க்கிறார்கள். அதுவும் லேசான காரியமல்ல. பள்ளிக்கூடத்துப் பிள்ளை பத்து ரூபாய்க்கு வாங்கித் தின்று மகிழ்வதற்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஆனால் கொக்கோ என்ற பழத்தின் ருசியை அதில் தேடினால் கிடைக்காது.

எனக்கு மனம் ஒப்பாதது காம்பவுண்டு எனப்படும் சரக்கு. கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் பனைவித்து எண்ணெய் போன்ற கொழுப்பைக் கெட்டியாக்கிச் சேர்த்தது அது. நம் பேக்கரி கேக்குகளின் மேல் பூசுவது அநேகமாக இதுதான். ஊட்டியில் ஹோம்மேட் என்று கிலோ கணக்கில் நிறுத்துக் கொடுப்பதிலும் பெரும்பாலானது, வாங்கிவந்த பாளத்தை உருக்கி அச்சில் ஊற்றியது. முந்திரியும் உலர்திராட்சையும் நன்றாக இருக்கும். சாக்லேட் மெழுகாக மேலண்ணத்தில் அப்பிக்கொள்ளும். உண்மையான கொக்கோ வெண்ணெய் அப்படி அப்பாது. ஒழுங்காக உறையவைத்தால் 34 டிகிரி வாக்கில், அதாவது நம் உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கீழே, உருகி ஓடிவிடும். இதே கொக்கோ வெண்ணெய் ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடியது. அதில் ஐந்தாவது விதத்துக்கு மட்டும்தான் அந்தப் பளபளப்பும், ஒடித்தால் ‘டக்’கென்று வரும் ஓசையும் உண்டு. உருக்கி, ஆறவைத்து, மறுபடி லேசாகச் சூடேற்றி அந்த ஐந்தாவதைப் பிடிப்பது ஒரு கைவித்தை.

இந்தக் கைவித்தைக்காரர்கள் உலகெங்கும் பெருகியதில் கோயம்புத்தூருக்கு ஒரு பங்கு உண்டு. 1879-இல் ஸ்விட்சர்லாந்தில் ரொடால்ஃப் லிண்ட் மணிக்கணக்காக அரைத்துப் புரட்டும் முறையைக் கண்டபிறகு, சாக்லேட் செய்வது பெரும் தொழிற்சாலைகளின் வேலையாகவே இருந்தது. வீட்டளவில் கொட்டையை நைஸாக அரைக்க வழியே இல்லை. 2000-க்குப் பிறகு அமெரிக்காவில் ஒரிகான் மாநிலத்து ஜான் நான்சி போன்றவர்கள் தேடித்தேடி வந்துசேர்ந்த இடம் நம் இட்லிமாவு வெட் கிரைண்டர். கருங்கல் உருளை, கருங்கல் அடி, நிதானமான சுற்று. உளுந்துக்கு அரைமணி ஓடினால் போதும். கொக்கோவுக்கு இரண்டு மூன்று நாள் ஓயாமல் ஓட வேண்டும். அதற்காக மோட்டாரைப் பலப்படுத்தி, கல்லை அழுத்திப் பிடிக்க ஸ்பிரிங் வைத்து, கோவையிலேயே தனி மாடல்கள் செய்தார்கள். இன்றைக்கு எத்தனையோ நாடுகளில் சிறு பட்டறைகளில் சுற்றிக்கொண்டிருப்பது அந்த வம்சத்து இயந்திரங்கள்தான். அது ஓடும் அறைக்குள் முதல் நாள் நுழைந்தால் காடி நெடி மூக்கைத் துளைக்கும். பெட்டியில் ஏறிய புளிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் போகிறது. மூன்றாம் நாள் அதே அறையில் வறுத்த பருப்பும் பழமும் கலந்த வாசனை நிற்கும். துகள் இருபது மைக்ரான் அளவுக்குத் தேய்ந்த பிறகு நாக்குக்கு நறநறப்பு தெரியாது. எப்போது நிறுத்துவது என்பது செய்கிறவரின் தீர்ப்பு. ரொம்ப அரைத்தால் புளிப்போடு பழவாசனையும் போய்விடும்.

சாப்பிடும் விதமும் இருக்கிறது. கடித்து மெல்லக் கூடாது. ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். முதல் சில நொடி ஒன்றுமே தெரியாது. ஓரம் இளகியதும் இனிப்பு வரும், அதன் பின்னாலேயே ஒரு புளிப்பு ஏறும். ஆனைமலைக் கொட்டையில் செய்த எழுபது சதவீதச் சாக்லேட்டில் எனக்கு அந்தப் புளிப்பு பழம்புளியின் பக்கமாகத் தெரியும். கொஞ்சம் பொறுத்தால் உலர்திராட்சை, தேன். விழுங்கின பிறகும் நிமிஷக்கணக்கில் வாயில் ஏதோ ஒன்று மாறிக்கொண்டே இருக்கும். மலிவுச் சாக்லேட்டில் அடுத்த துண்டை எடுக்கக் கை பரபரக்கும். இதில் இரண்டு துண்டோடு நிறுத்தத் தோன்றும், ஒரு பட்டை நாலு நாளைக்கு வரும். விலையை ஒப்பிடுகிறவர்கள் கிராமுக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுகிறார்கள். ஒரு துண்டு எத்தனை நேரம் வாயில் நிற்கிறது என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சதவீதத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். எழுபது, எண்பத்தைந்து என்பதெல்லாம் கொக்கோ எவ்வளவு இருக்கிறது என்ற அளவு, அவ்வளவுதான். மட்டமான கொட்டையில் செய்த எண்பத்தைந்து, கசப்பு மருந்து.

கூடுதல் பணம் எங்கே போகிறது என்றும் பார்த்துவிடுவோம். அறுபது கிராம், எழுபது சதவீதம் என்றால் உள்ளே நாற்பத்திரண்டு கிராம் கொக்கோ. தோலும் சொத்தையும் கழிந்தது போக அது கிடைக்க ஐம்பத்தைந்து கிராம் காய்ந்த கொட்டையாவது வேண்டும். ஏறக்குறைய ஒன்றரைக் காய். சுமார் 2,500 டாலராக இருந்த ஒரு டன் கொக்கோ, மேற்கு ஆப்பிரிக்காவில் நோயும் பருவநிலையும் கெடுத்ததில், 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் 12,000 டாலரைத் தாண்டியது, பிறகு இறங்கிவிட்டது. அந்த உச்சவிலைக்கே கணக்குப் போட்டாலும் ஒரு பட்டைக்குள் போன கொட்டை அறுபது ரூபாயைத் தாண்டாது. மிச்சம் கையால் பொறுக்கியதற்கும், கொஞ்சம் கொஞ்சமாக வறுத்ததற்கும், மூன்று நாள் மின்சாரத்துக்கும், காகிதத்துக்கும், கடைக்காரர் கமிஷனுக்கும் போகிறது. கொட்டைக்குச் சந்தை விலைக்கு மேல் கொடுக்கிறவர், சிறு அளவில் செய்கிறவர், இதைவிட ரொம்பக் குறைத்து விற்க முடியாது என்பது என் கணிப்பு.

அதற்காக விலை ஏற ஏறச் சுவையும் ஏறும் என்று நம்பிவிடக் கூடாது. நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியில் மாஸ்ட் பிரதர்ஸ் என்று இருவர் தாடியும் கைவேலையும் அழகான காகிதமுமாகப் பேர் வாங்கினார்கள். ஆரம்ப நாட்களில் பிரெஞ்சுக் கம்பெனியான வால்ரோனாவின் சாக்லேட்டை உருக்கியும் பயன்படுத்தினோம் என்று 2015-இல் அவர்களே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. வால்ரோனா மட்டமான சரக்கல்ல, 1986-லேயே குவானஹா என்ற எழுபது சதவீதச் சாக்லேட்டைக் கொண்டுவந்த கம்பெனி. ஆனால் வாங்கினவர்கள் காசு கொடுத்தது கொட்டையிலிருந்து செய்யும் வேலைக்கு. அந்த வேலை நடக்கவில்லையென்றால் மிஞ்சுவது காகிதம்தான்.

இதற்கு மறுகோடியில் வெனிசுவேலாவின் சுவாவோ இருக்கிறது. கரீபியன் கடலோரத்தில் படகில் போய்ச் சேர வேண்டிய கிராமம். மாதாகோயில் முற்றத்துத் தளத்தில் கொக்கோவைப் பரப்பிக் காயவைப்பார்கள். அந்தக் கொட்டையில் இத்தாலியின் அமேதெய் செய்யும் சாக்லேட் விலை மிக அதிகம். வாழ்க்கையில் ஒருமுறையாவது சாப்பிட்டுப் பார்க்க வேண்டியது என்பேன். உலகத்தின் முதல்தரமான ஒயினையோ வைரத்தையோ நம்மைப் போன்றவர்கள் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. முதல்தரமான சாக்லேட், விமானத்தில் வந்து இறக்குமதி வரி கட்டிய பிறகும், குடும்பத்தோடு ஓட்டலில் சாப்பிடும் ஒரு வேளைச் செலவுக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் மாதாமாதம் வாங்க வெளிநாட்டுச் சரக்கு வேண்டாம். பாதிக் காசு பயணத்துக்குப் போகிறது. வழியில் வெயில் பட்டு வெள்ளை பூத்துவருவதும் சகஜம்.

பொள்ளாச்சியின் சோக்லெட் ஆனைமலைத் தோட்டத்துக் கொட்டையிலேயே செய்கிறது. ஆரோவில்லில் மேசன் அண்ட் கோ, கொச்சியில் பால் அண்ட் மைக் என்று பக்கத்திலேயே பலர் இருக்கிறார்கள். முதல்முறை வாங்குகிறவர்கள் முந்திரி, மிளகு, ஆரஞ்சுத் தோல் எதுவும் சேராத பட்டையாக எடுங்கள். ஒரே கம்பெனியில், ஒரே சதவீதத்தில், இரண்டு ஊர்க் கொட்டை கிடைத்தால் இரண்டும் வாங்கி அடுத்தடுத்துச் சாப்பிடுங்கள். வேறுபாடு நாக்குக்குத் தெரியவே இல்லையென்றால் உங்களுக்குப் பழைய பால் சாக்லேட்டே போதும், பணம் மிச்சம். தெரிந்துவிட்டால் பிறகு விலையைப் பற்றி யாரிடமும் கேட்க மாட்டீர்கள்.

வாங்குவதைப் பங்குனி வெயிலுக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். 34 டிகிரியில் உருகும் பண்டத்தைச் சென்னைக் கூரியரில் சித்திரையில் வரவழைப்பது பாவம். வீட்டில் குளிர்ந்த இடமே இல்லையென்றால் ஃப்ரிட்ஜில், காற்றுப் புகாத டப்பாவில். கொக்கோ வெண்ணெய் மல்லித்தழை வாடையையும் மீன் வாடையையும் இழுத்துக்கொள்ளும். சாப்பிடுவதற்கு அரைமணி முன்னால் டப்பாவைத் திறக்காமலே வெளியே எடுத்து வையுங்கள். சில்லிட்ட சாக்லேட்டில் ஈரம் படிந்தால் சர்க்கரை மேலே வந்து வெள்ளை பூத்துவிடும்.