கல்வெட்டில் இடம்பெறாதோர்

யாழ்ப்பாணத்தில் அந்தியேட்டியன்று வெளியிடப்படும் ‘கல்வெட்டு’, திதி வெண்பா, வம்ச வரலாறு, சுற்றத்தார் புலம்பல் என்பவற்றைக் கொண்ட நினைவு நூலாகும். 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் எண்ணிம நூலகத்தில் இத்தகையன பல வாசிக்கக் கிடைக்கின்றன. இணைய மரண அறிவித்தல்களும் பிறந்த ஊரையும் உறவுமுறையையும் நிரல்படுத்துகின்றன. குடும்ப வரலாறு தேடுவோர்க்கு இவை அரிய சான்றுகளே.

ஆயின், புலவரைக்கொண்டு பாடுவித்து அச்சேற்றும் வசதி யாருக்கிருந்தது? இவ்வினாவை எழுப்பாத ஆய்வு, வசதிபடைத்தோர் வரலாற்றையே சமூக வரலாறாகக் கொள்ளும்.

ஆவணமின்மையின் கொடிய விளைவை மலையகத்திற் கண்டோம். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தோரிடமும் தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கு பிறந்தமைக்குச் சான்று கோரிற்று. பத்திரமற்ற தொழிலாளர் பெருந்தொகையினர் நாடற்றோராயினர்.

ஆவணமின்மை வரலாறின்மையன்று, அது வர்க்க உறவுகளின் விளைவு. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலையகப் பாடல்களையும் கல்வெட்டுகளோடு ஒருங்குவைத்து நோக்குதல் வேண்டும்.