தலைவலி குறைந்தது எதனால்?

"பரீட்சை வந்தால் பையனுக்குத் தலைவலியும் வந்துவிடும்" என்று கேலி பேசுகிறோம். ஆனால் 28 நாட்களில் சராசரி 21 நாள் தலைவலியால் துன்புறும் பிள்ளைகளும் உண்டு, வாசகரே. அத்தகைய 135 பேரிடம் (வயது 10 முதல் 17 வரை) அமெரிக்காவில் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையார் நடத்திய ஆய்வு 2013-இல் வெளியாயிற்று. பலரும் புகழும் அதைச் சற்று உரசிப் பார்ப்போம்.

எல்லாருக்கும் அமிட்ரிப்டிலின் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு அத்துடன் மனப்பயிற்சி: உடலைத் தளர்த்தப் பழகுதல், வலியைச் சமாளிக்கும் வழிகளைக் கற்றல் முதலியன. மற்றவர்களுக்குத் தலைவலி பற்றிய பாடம் மட்டும். 20 வாரம் கழித்துப் பார்த்தால், முதற் பிரிவில் தலைவலி நாட்கள் 11.5 குறைந்திருந்தன, மற்றதில் 6.8 தான்.

பாடம் கேட்டவர்களுக்கும் அதே அளவு நேரம் ஒதுக்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். "யாரோ பரிவோடு பேசினார்கள், அதனால் குணமாயிற்று" என்ற ஆட்சேபத்துக்கு இடமில்லை. நல்ல ஏற்பாடு.

"மனப்பயிற்சியால் குறைகிறதென்றால் அது பொய் வலிதானே?" என்று கேட்பீர்கள். அல்ல. மூளை, தன்னிடம் வரும் வலிச் செய்தியைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது. 1965-இல் மெல்சாக், வால் இருவரும் வெளியிட்ட 'வாயில்' கொள்கையின் விவரங்கள் பின்னர் திருத்தப்பட்டாலும் இந்த அடிப்படை நிலைத்துவிட்டது.

இனிக் குறைகளுக்கு வருவோம். தலைவலியை அளக்க வெப்பமானி இல்லை. பிள்ளைகள் சொல்வதே கணக்கு. தமக்குக் கிடைப்பது பயிற்சியா பாடமா என்பதும் அவர்களுக்குத் தெரியும். தவிர, தலைவலி நாட்கள் பாதியளவேனும் குறைந்தோர் 20-ஆம் வாரத்தில் 66, 36 விழுக்காடு. ஓராண்டுக்குப் பின் 86, 69. பாடம் மட்டும் கேட்டவர்களும் பெரும்பாலோர் தேறிவிட்டார்கள்! இடைவெளி சுருங்கியதைப் புகழுரைகள் சொல்வதில்லை.

பெரிய சங்கடம் 2017-இல் வந்தது. ஒற்றைத் தலைவலியுள்ள 361 பிள்ளைகளிடம் இதே மாத்திரையைச் சோதித்தார்கள். பாதியளவு குறைந்தோர், அமிட்ரிப்டிலின் உண்டவர்களில் 52 விழுக்காடு. மருந்தே இல்லாத போலி மாத்திரை உண்டவர்களில் 61! அப்படியானால் முந்தைய ஆய்வில் அந்த மாத்திரைக்கு என்ன வேலை? இரு பிரிவுகளுக்கும் இடையிலான 4.7 நாள் வேறுபாடு பயிற்சியின் பங்கு. அதை இது அசைக்கவில்லை. ஆனால் மாத்திரையே இல்லாமல் பயிற்சி மட்டும் பெற்ற ஒரு பிரிவு அங்கே இல்லை. பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வியோ அதுதான்.