சிப்பாய்க்கு ஏற்ற ரயில் பெட்டி

பொம்மைச் சிப்பாய் ஒருவனை மாதிரி ரயில் பெட்டியின் கதவருகே நிறுத்திப் பார்ப்பதில் தனி சுகம் இருக்கிறது. பொருத்தம் சரியா என்று கண் நொடியில் சொல்லிவிடும். கை நீட்டினால் கைப்பிடி எட்ட வேண்டும்; உள்ளே ஏறினால் தொப்பி மேல்சட்டத்தில் இடிக்கக் கூடாது. பிரிட்டனின் பழைய 54 மில்லிமீட்டர் ஈயச் சிப்பாய்க்கு, 45 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும் 1:32 பெட்டி கச்சிதம். 32 மடங்காக்கிக் கணக்குப் போட்டால் ஆள் 5 அடி 8 அங்குலம். அவனைத் திறந்த சரக்கு வண்டியில் ஏற்றிவிட்டால், ஈயத்தின் கனத்தில் சக்கரங்கள் தண்டவாளத்தை அழுத்திப் பிடிக்கும். இணைப்புகளைத் தாண்டும்போது எழும் ‘டக் டக்’ சத்தத்துக்கே ஒரு கனம் வந்துவிடும்.

சின்ன அளவுகளில்தான் ரசனைக்கு உண்மையான வேலை. 1:72 பிளாஸ்டிக் சிப்பாய், ஓஓ எனப்படும் 1:76 அளவுப் பெட்டியருகே நல்ல ஆறடி ஆளாக நிற்பான். ஒரு குறையும் தெரியாது. அவனையே எச்ஓ எனப்படும் 1:87 அளவுப் பெட்டிக்குக் கொண்டுபோனால் ஏழடியை நெருங்கிவிடுவான், கண் ஒப்பாது. காலடியில் இருக்கும் தட்டும் உயரத்தைக் கூட்டிக் காட்டும். அதைச் சீவி எடுக்க நிதானம் வேண்டும். இந்த மெத்தென்ற பிளாஸ்டிக்கில் அரம் போட்டால் பிசிறு பிசிறாக எழும்பும். கூர்மையான கத்தியால், பூட்ஸின் குதிகால் சிதையாமல், மெல்லிய சீவல்களாக எடுக்க வேண்டும். தட்டு போனதும் பிளாட்பாரத்தில் அவன் நிற்கும் தோரணையே வேறு.

புதிய பெட்டி வாங்கக் கடைக்குப் போகும்போது உங்கள் சிப்பாய் ஒருவனைச் சட்டைப் பையில் எடுத்துப் போங்கள். கதவருகே நிறுத்திப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.