இல்லாதது கோப்பா, சர்வரா?

லினக்ஸ் நிர்வாகிகளிடையே ஒரு பழக்கம் பரவிவிட்டது. என்எஃப்எஸ் டைரக்டரியில் எந்தச் சிக்கல் வந்தாலும் எஃப்எஸ்டேப் கோப்பில் எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட் என்று சேர்த்துவிட்டு, வேலை முடிந்தது என்கிறார்கள். டைரக்டரியை யாராவது தொடும்போதுதான் மவுண்ட் நடக்கும்; அதனால் என்எஃப்எஸ் சர்வர் படுத்திருந்தாலும் கணினி தடையில்லாமல் பூட் ஆகும் என்பது அவர்கள் வாதம்.

வாதம் உண்மைதான். 1980களின் பிற்பகுதியில் சன் ஓஎஸ்ஸில் வந்த ஆட்டோமவுண்டரும், பின்னர் லினக்ஸுக்காக ஹெச். பீட்டர் ஆன்வின் எழுதிய ஆட்டோஎஃப்எஸ்ஸும் பெரிய நிறுவனங்களின் தலைவலியைக் குறைத்தவை. நட்சத்திரக் குறி போட்ட ஒரே மேப் வரி ஆயிரம் பேரின் ஹோம் டைரக்டரிகளுக்குப் போதும். யாரும் தொடாததை, வழக்கமான அமைப்பில் 300 வினாடியில், அதுவே அன்மவுண்டும் செய்துவிடும்.

ஆனால் பூட் நேரத்துக் காத்திருப்பு, பயனர் கோப்பைத் திறக்கும் நொடிக்குத் தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவே. ஒரு நிரல் ஆட்டோமவுண்ட் பாதைக்குள் நுழைந்ததும் கெர்னல் அதை உறங்க வைத்துவிட்டு, பைப் வழியாக ஆட்டோமவுண்ட் டீமனுக்குச் செய்தி அனுப்புகிறது. டீமன் மவுண்ட் செய்து 'ஆயிற்று' என்று சொன்ன பிறகே நிரல் விழிக்கும். ஏன் நிறுத்தப்பட்டோம் என்று அதற்குத் தெரிய வழியில்லை. சிஸ்டம்டி மவுண்டுக்குத் தரும் அவகாசம் இயல்பாக 90 வினாடி. பாதையைப் பாதி தட்டி டேப் விசையை அழுத்தியவர் அத்தனை நேரமும் அசையாத கர்சரையே பார்த்துக்கொண்டிருக்க நேரலாம்.

காத்திருப்பையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொய்ப் பதிலைப் பொறுக்க முடியாது. ஆட்டோஎஃப்எஸ்ஸில் மவுண்ட் தோற்றால் பயனருக்குக் கிடைப்பது 'அப்படியொரு கோப்போ டைரக்டரியோ இல்லை' என்ற செய்தி. சர்வர் விழுந்தாலும் இதே பதில், பெயரைத் தப்பாக அடித்தாலும் இதே பதில், கோப்பு நிஜமாகவே அழிந்துபோனாலும் இதே பதில். இரவில் ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட் இதை நம்பி, நகலெடுக்க ஒன்றுமில்லை என்று அடுத்த வேலைக்குப் போய்விடக்கூடும். தோல்வியை ஆட்டோஎஃப்எஸ் 60 வினாடி நினைவிலும் வைத்திருக்கிறது; சர்வர் எழுந்த பிறகும் அந்த ஒரு நிமிடம் 'இல்லை' என்றே சாதிக்கும். போதாததற்கு, பிரவுஸ் வசதி இயல்பாக அணைந்திருப்பதால் ஹோமில் எல்எஸ் அடித்தால், இன்னும் மவுண்ட் ஆகாத டைரக்டரி எதுவும் தெரியாது.

உண்மைக் காரணம் லாகில் இருக்கிறதே என்பார்கள். லாகைப் படிப்பவர் நிர்வாகி. தன் ஆய்வேடு காணாமல் போய்விட்டதோ என்று பதறுபவர் மாணவர். பூட்டில் நின்றுபோன கணினியாவது எந்த மவுண்டில் நின்றது என்று திரையில் பெயர் சொல்லும்.

தரவு கட்டாயம் வேண்டிய சேவைகளுக்கு ஆட்டோமவுண்ட் கூடாது. அவற்றுக்கென்றே சிஸ்டம்டியில் ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார் இருக்கிறது: மவுண்ட் ஆகாவிட்டால் சேவையே தொடங்காது, தோற்ற யூனிட்டின் பெயரும் பதிவாகும்.